மெல்க்லி

உன்டர்விலர் ஏரிக்கரை
21 நவம்பர் 1974

டாமியன் அண்ணாவுக்கு,

அகதா எழுதுகிறேன். நலம் விசாரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் என் அன்பைச் சொல்.

அரசாங்கத்துக்காக ஏரி மீன்களின் ஊர்ப்பெயர்களைத் தொகுக்கிறாயாம். புத்தகமாக வருமாம், அட்டையில் உன் பெயர் இருக்குமாம். சந்தோஷம். நம் ஏரியில் ஆழத்து ஆல்பெலிக்கும் கரையோரத்துப் பால்கெனுக்கும் நடுவாக ஒரு வெள்ளைமீன் கிடைக்கிறதே, அதற்குக் கரையில் என்ன பெயர், இத்துடன் உள்ள தாளில் எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். தெரியாதவன் மாதிரி கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

மெல்க்லி என்கிறார்கள். என் புருஷன் மெல்க்கின் பெயர்தான். குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி கடைசியில் ஒரு 'லி'. போன வெள்ளிக்கிழமை சந்தையில் மீன் விற்கிற வெரேனா என் காதுபடவே, "வாங்கம்மா வாங்க, மெல்க்லி! மேல்தண்ணியிலயும் சேராது, அடித்தண்ணியிலயும் சேராது, அகதா வீட்டுக்காரரு மாதிரியே!" என்று கூவினாள். வாங்க வந்தவர்கள் எல்லாம் பல்லைக் காட்டினார்கள். அவள் வாயில் மண் விழ. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மெல்க் இப்போது படகில் ஏறுவதில்லை. அடுத்தவர்களின் வலையைப் பழுது பார்க்கிறார். வெள்ளைமீனை அவர் வாயில் வைத்து எட்டு வருஷமாகிறது. வெண்ணெயில் வறுத்தால் அந்த வாசனைக்கே எழுந்து வெளியே போய்விடுகிறார். மூன்று குளிர்காலமாக ஆழவலையில் ஒரு ஆல்பெலிகூட ஏறவில்லை. பக்கத்து ஏரியிலும் ஆல்பெலி என்று ஒன்றை விற்கிறார்கள். பெயர்தான் அதே, மீன் வேறு. நம்முடையது போனால் போனதுதான். இதையெல்லாம் உன் புத்தகத்தில் எப்படி எழுதப் போகிறாய் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அறுபத்திரண்டு டிசம்பரை நான் மறக்கவில்லை. நாம் மூன்று பேரும் ஒரே படகில் இருந்தோம். குஞ்சு பொரிப்பகத்துக்காக மீனின் வயிற்றைப் பிதுக்கி நீ முட்டை எடுத்தாய், மெல்க் வாத்து இறகால் கலக்கினார், நான் வாளியைப் பிடித்திருந்தேன். நீலத்துணி கட்டிய வாளியில் ஆல்பெலி முட்டை. அந்த வருஷம் கிடைத்ததே அந்த ஒரு வாளிதான். வலையில் ஒரு ஆண் ஆல்பெலிகூட இல்லை. மாலையில் மீன்வள அதிகாரி வரப்போகிறார், அவரிடம் வெறும் கையைக் காட்ட உனக்குக் கௌரவக் குறைச்சல். பால்கென் ஆண்மீனின் விந்துப்பாலைக் கிண்ணத்தில் பிதுக்கி, "இந்தாங்க மாப்பிள்ளை, ஆல்பெலிப் பால், சீக்கிரம் ஊத்துங்க" என்று நீட்டினாய். அவர் உன்னை நம்பி ஊற்றினார். சொல்லிவிடாதே என்று நீ என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாய்.

நான்கு வருஷம் கழித்து ரெண்டுங்கெட்டான் மீன்கள் வலையில் ஏறியபோது விசாரணை வந்தது. குஞ்சு பொரிப்பகம் மெல்க்கின் பொறுப்பு. அவர் எழுந்து, "குளிர்ல கை விறைச்சிருந்துச்சு, கிண்ணத்த மாத்தி எடுத்திருப்பேன். தப்பு என்னோடதுதான்" என்றார். நீ அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அவரிடமிருந்து வாங்கிய சாவியை உன்னிடம் கொடுத்தார்கள். அங்கிருந்துதான் நீ பெர்னுக்கு அரசாங்க வேலைக்குப் போனாய். உனக்கு வெட்கமே இல்லையா?

எனக்கு இருக்கிறது. அம்மா அந்த அறுபத்திரண்டில்தான் போயிருந்தாள். கூடப் பிறந்தவன் என்று நீ ஒருவன்தான் மிச்சம். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக அவருக்குச் சூப் ஊற்றுகிறேன், அவர் சட்டையைத் துவைக்கிறேன், வாயை மட்டும் திறக்கவில்லை.

நேற்று உன் தாளை மேசையில் வைத்துவிட்டு ஆட்டுக்குப் புல் போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மெல்க் அதில் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார், கொட்டை எழுத்தில், மெல்க்லி என்று. "டாமியன் நம்மள மதிச்சுக் கேட்டிருக்கான், உள்ளத எழுதணும்ல" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மாட்டுக்கொட்டிலுக்குப் போய் அழுதேன். அந்தத் தாள் உனக்கு வராது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆகவே இதைக் கேட்டுக்கொள். புனித நிக்கோலா திருநாளுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் மெல்க்கிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். நீ வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். அதற்குப் பிறகு சந்தையிலும் சொல்வேன், உன் அலுவலகத்துக்கும் எழுதுவேன். தங்கச்சிதானே, திட்டிவிட்டு அடங்கிவிடுவாள் என்று நினைக்காதே.

ஏழரை மணி ரயிலில் ஏறினால் பூசைக்கு முன்பே வந்துவிடலாம். நீ செய்ததை நீயே அவரிடம் சொல்லிவிடு. அதன்பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "உனக்கும் தெரியுமா அகதா?" என்று கேட்பார். அந்த நேரத்தில் என்னால் தனியாக நிற்க முடியாது. வந்துவிடு, அண்ணா.

உன் தங்கை
அகதா