காற்று நின்றால் தம்பி என்ன செய்வான்?

கட்கி, புனே
18.7.1996

பாசமுள்ள அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உங்கள் காதுவலி குறைந்ததா?

பட்டாளத்தில் எனக்கு முக்குளிப்புப் பயிற்சி. நேற்று குளத்தின் அடியில் சொல்லாமலே என் காற்று சிலிண்டரை மூடிவிட்டார்கள். ஜோடி ஆளிடம் சைகை காட்டி, அவனிடமுள்ள உபரிக் குழாயை வாங்கி மூச்சு விடுகிறேனா என்று சோதனை. நானோ, ‘தண்ணிக்குள்ள மூச்ச விட்டுராதல’ என்று சங்கு குளிக்க நீங்கள் பழக்கியபடி வாயை இறுக்கிக்கொண்டு மேலே பாய்ந்தேன். ஜோடி ஜாதவ் காலைப் பிடித்து இழுத்து, குழாயை என் வாயில் திணித்தான்.

பயிற்சி தரும் உஸ்தாத் கரையில் கத்தினார். தண்ணீருக்கு வெளியே இழுத்த மூச்சை அடக்கலாமாம். அடியில் குழாய் வழியே இழுத்த காற்றை அடக்கினால், ஏற ஏற அது உப்பி நெஞ்சைக் கிழித்துவிடுமாம்.

எனக்கு இருமல் மட்டும்தான். சும்மா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். பேச ஆளில்லை, அம்மாவை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். நார்த்தங்காய் ஊறுகாயும் வேண்டும்.

தபால்காரர் நிற்கிறார். அப்பா, தம்பி படகிலுள்ள கம்ப்ரசரின் காற்றுக் குழாயோடுதானே சங்கு குளிக்கிறான்? இஞ்சின் நின்றால் அவனும் வாயை மூடுவான். மூச்சை வெளியே ஊதிக்கொண்டே ஏறச் சொல்லுங்கள். நான் சொன்னால் சிரிப்பான். பழக்கிய நீங்களே சொல்லுங்கள், இன்றைக்கே.

உங்கள் மகன்
டெல்லஸ்