“தாய் பார்க்க வருவதில்லை”

பிப்ரவரி 6
சமூகப்பணி முதுகலையில் இது கடைசிப் பருவம். களப்பயிற்சிக்கு, பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ஒரு குழந்தைகள் இல்லம். பொறுப்பாளர் எஸ்மெரால்டா மேடம் முதல் நாளே அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தந்தார். ஆனிகா, வயது ஆறு. வந்து எட்டு மாதம். “தாய் பார்க்க வருவதில்லை” என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறது. தத்துக் கொடுக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு நான் அறிக்கை எழுத வேண்டுமாம்.

பிப்ரவரி 15
தாய் நெலிதாவை மீன்சந்தையில் தேடிப் பிடித்தேன். செதில் சீவிக்கொண்டே பேசினாள். ஞாயிறு மட்டும்தான் விடுப்பு, ஞாயிறுதோறும் போகிறாளாம். பார்வை நேரம் புதன் காலை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்களாம்.
“நான் செத்துட்டேன்னு எழுதிக்கோங்க. உங்களுக்கும் வேலை சுலபம்.”

பிப்ரவரி 19
வாசல் காவலர் டோடோங் அண்ணன் வருகைப் பதிவேட்டைத் தயங்காமல் கொடுத்தார். நெலிதா. நெலிதா. நெலிதா. முப்பத்தொரு முறை. எதிரே எல்லாம் “அனுமதியில்லை”. இதை ஒருத்தராவது திறந்து பார்த்தார்களா?

பிப்ரவரி 20
மேடமிடம் காட்டினேன். “ஷைரா, நீ படிக்க வந்திருக்கே. எங்கள விசாரிக்க வரல.”
எட்டு மாசம்! ஒரு நேரத்த மாத்தி வைக்க முடியல? போன வருஷம் எங்க வகுப்புக்கு வந்து தாயோட உரிமை பத்தி ரெண்டு மணி நேரம் பேசினது இதே மேடம்தானே?

மார்ச் 3
பதிவேட்டின் நகல்களை அறிக்கையோடு சேர்த்தேன். அவற்றை எடுத்துவிட்டால் இன்றே என் பயிற்சித் தாளில் கையெழுத்துப் போடுவதாக மேடம் சொன்னார். எடுக்கவில்லை. நானே நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4
கையெழுத்துக் கிடைக்காது என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27
நீதிபதி பதிவேட்டு நகல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆனிகா தாயோடு போகலாம் என்று தீர்ப்பு.
ஆனிகா ஓடிவரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்: “ஏம்மா வரவே இல்ல?”
நெலிதா குனிந்து பிள்ளையின் காலணி வாரை மாட்டிவிட்டாள். மேடம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லவா?

மே 12
களப்பயிற்சியில் தேர்ச்சியில்லை. காரணம்: நிறுவன ஒழுங்கை மதிக்கவில்லை. சரி.

ஜூன் 30
வகுப்புத் தோழிகளுக்குப் பட்டமளிப்பு. நான் பதிவு அலுவலகத்தில் களப்பயிற்சிக்கு மறுபடி பெயர் கொடுத்தேன். எந்த இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அதே இல்லத்தின் பெயரை எழுதினேன். எழுத்தர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். மேடத்தின் அந்த அலமாரியில் அதே வரியோடு இன்னும் பதினான்கு கோப்புகள் இருக்கின்றன.