"சிறு என்றே போடு"

மார்ச் 4

செருப்புக் கம்பெனிக்கு நானூறு அட்டைப்பெட்டி போனது. பசை போடும் பெண்கள் இரண்டு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. கட்டிங் மிஷினில் மருமகள் அட்டையை நேராக வைத்துவிட்டுக் கையை எடுக்கிறாள், கத்தி தானாக இறங்குகிறது. பெடலில் அவள் கால் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"அத்தை, இதுக்கு நம்ம மேல என்ன கோவமோ" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெக்கானிக் போன மாதமே கையை விரித்துவிட்டான். கை உள்ளே போனால் தானே நின்றுவிடுகிற புது மிஷின் வந்திருக்கிறது. அதற்குப் பாதி விலையை அரசாங்கம் கொடுக்கிறது. மனு போட்டாகிவிட்டது. இந்த வாரம் பதில் வந்தாக வேண்டும்.

மார்ச் 7

வந்தது. இல்லையாம்.

பேத்தி போனில் படித்துக் காட்டினாள். எங்களைச் "சிறு நிறுவனம்" என்று பதிவு செய்திருக்கிறார்களாம். இந்த மானியம் அதைவிடச் சின்ன "குறு நிறுவனங்களுக்கு" மட்டுமாம். ஆகவே தகுதி இல்லையாம். மூன்று முறை படிக்கச் சொன்னேன். பிறகு போனைப் பிடுங்கி நானே படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் "இல்லை" என்ற சொல்லைப் படிக்க அது போதும்.

ஒரே கூடம். என்னோடு சேர்த்து நாலு பேர். ஒரு கிழட்டு மிஷின். அடுத்த தெரு பிளாஸ்டிக்காரனுக்கு மூன்று கூடம், பதினெட்டு ஆள், வாசலில் சொந்த லாரி. அவன் குறுவாம்! அவனுக்குக் கிடைத்துவிட்டதாம்! வயிறு எரிகிறது. இந்த அரசாங்கத்துக்குக் கண் எங்கே இருக்கிறது? முதுகிலா?

மார்ச் 8

ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா. என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"பதிவுல என்ன இருக்கோ அதுதாம்மா எங்களுக்குக் கணக்கு."

"வந்து பாருங்கய்யா. நடந்தே வந்துடலாம்."

"பார்க்கச் சொல்லி உத்தரவு இல்லை. பதிவை உங்களுக்கு யார் அடிச்சுக் குடுத்தாங்க?"

கம்ப்யூட்டர் கடைக்காரி என்றேன். கண்ணாடி போட்டிருப்பாள், தெருவே அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்லும்.

"தப்பா அடிச்சிருந்தா அவங்க மேல புகார் எழுதிக் குடுங்க. திருத்தறதுக்கு வழி உண்டு."

அங்கேயே எழுதினேன். முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். பக்கத்தில் நின்ற பெரிய மனுஷன் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான். என்னைக் கைநாட்டு என்று நினைத்துவிட்டான், மடையன்.

மார்ச் 9

நேரே கண்ணாடிக்காரி கடைக்குப் போனேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். குறுவுக்கும் சிறுவுக்கும் வித்தியாசம் தெரியாதவள் எதற்குக் கடை திறந்து வைத்திருக்கிறாய்? ஒரு குடும்பத்துச் சோற்றில் மண்ணைப் போட்டாயே!

எழுந்து நின்றாள். "பாட்டிம்மா, நீங்க சொன்னதைத்தானே அடிச்சேன்."

"பொய் சொல்லாதடி!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த ஆளின் காகிதத்தை வாங்கினாள். நான் ஜெயித்துவிட்டு வந்தேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. வெயிலாக இருக்கும்.

மார்ச் 12

கத்தி இன்று இரண்டு முறை தானாக இறங்கியது.

மார்ச் 15

மகன் லாரியிலிருந்து வந்தான். ஒன்பது நாள் சவாரி. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"அந்தப் பொண்ணை எதுக்கும்மா திட்டின? பதிவு அடிச்ச அன்னிக்கு நானும் உன்கூடத்தான உக்காந்திருந்தேன்."

"அதனால?"

"நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். வாயை மூடிட்டுச் சாப்பிடு."

மூடிக்கொண்டான். நாற்பத்திரண்டு வயது, பத்து டன் சரக்கை மலைப்பாதையில் ஏற்றுகிறான், பெற்ற தாயை எதிர்த்து இரண்டு வார்த்தை பேச மாட்டான். பேசித் தொலைத்தால்தான் என்ன? அவன் பேசாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டுகிறது.

மார்ச் 19

மருமகள் விரலில் பட்டுவிட்டது. இடது கை மோதிர விரல். நகமும், நுனியில் கொஞ்சம் சதையும். நாலு தையல்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள். "விரல் இருக்கு அத்தை, நகம்தான் போச்சு. நீங்க எதுக்கு அழறீங்க?"

"யாருடி அழறா?"

அட்டையில் அவள் ரத்தம். ஒரு கட்டு முழுக்க.

மார்ச் 20

கண்ணாடிக்காரி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். வந்தவள் மருமகளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அக்கா!" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் என்னிடம் சொன்னாள்: என் புகாரை வைத்து ஆபீசில் அவளுடைய அனுமதியை நிறுத்திவிட்டார்களாம். பத்து நாளாக அரசாங்க மனு ஒன்றுகூட அடிக்க முடியவில்லையாம். "நீங்க வந்து சொன்னாத்தான் விடுவாங்க, பாட்டிம்மா." கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

போன பிறகு இதை எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும்.

பதிவு அடித்த அன்றைக்கு அவள் கேட்டாள், "குறுவா, சிறுவா?" என்று. என்னடி வித்தியாசம் என்றேன். மிஷின்களின் மதிப்பு ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் குறு, மேலே போனால் சிறு என்றாள். "நீங்க குறுவுலதான் வருவீங்க. ரொம்பச் சின்னதுல்ல?" பின்னால் பிளாஸ்டிக்காரன் பெண்டாட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரொம்பச் சின்னதா? முப்பத்தொரு வருஷம். இந்தக் கூடத்தில் இதுவரை எத்தனை லட்சம் பெட்டி மடித்திருப்பேன்? நான் குறுவா? "சிறு என்றே போடு" என்றேன். கூடத்தையும் நிலத்தையும் சேர்க்கக்கூடாது, மிஷின் விலை மட்டும்தான் என்றாள். சரி என்று கூடத்தின் விலை, மாடி அறையின் விலை எல்லாவற்றையும் மிஷின் தலையிலேயே கட்டிச் சொன்னேன். பழைய மிஷினைப் புதுசு என்றேன். "அவ்வளவு வருமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மகன் முழங்கையைத் தொட்டான். உதறினேன்.

பொய் அவளுடையது இல்லை.

பிளாஸ்டிக்காரன் குறைத்துச் சொல்லி வாங்கினான், நான் கூட்டிச் சொல்லி இழந்தேன். யாரிடம் பெரியவளாகக் காட்டிக்கொள்ள? பின்னால் நின்ற அந்தப் பொம்பளையிடமா? அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தூ!

மார்ச் 21

காலையிலேயே ஆபீஸ். அதே குமாஸ்தா. விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தினான். ஆள் கெட்டவன் இல்லை, குரலைத் தாழ்த்தி யோசனை சொன்னான்.

"தெரிஞ்சே சொன்னேன்னு எழுதாதீங்கம்மா, உங்க மேல நடவடிக்கை வரும். படிக்காதவ, விவரம் தெரியாம சொல்லிட்டேன்னு எழுதுங்க. வயசானவங்கன்னு விட்டுடுவாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "யாருய்யா படிக்காதவ? அவ எல்லாத்தையும் விளக்கமா சொன்னா. எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சுதான் சொன்னேன்!"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். எழுதிக் கொடுத்தேன்: மிஷினின் மதிப்பைத் தெரிந்தே கூட்டிச் சொன்னது நான். அடித்துக் கொடுத்தவர் இரண்டு முறை கேட்டார். அவர் மேல் தவறு இல்லை. நடவடிக்கை எடுப்பதானால் என் மேல் எடுக்கவும்.

வரும் வழியில் அவள் கடையில் ஏறி, வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே சொன்னேன். அது ஆபீசை விடக் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 2

மிஷினுக்குச் சாக்குப் போர்த்திவிட்டேன். கைக்கத்தியும் இரும்பு அளவுகோலும் வைத்து வெட்டுகிறோம். பெட்டி பாதிகூடத் தேறவில்லை. செருப்புக் கம்பெனி மேனேஜர் போனில் கத்துகிறான். கத்தட்டும், அவன் விரலா போயிற்று?

ஏப்ரல் 16

நேரில் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். என் பேத்தியை விட நாலு வயது கூட இருந்தால் அதிகம். அபராதம் கொஞ்சம் உண்டு, வகையை மாற்றிவிடலாம், அடுத்த பட்டியலில் மானியத்துக்கு மறுபடி மனு போடலாம் என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தார். மேஜை. மடிப்புக் கட்டை. தையல்கம்பி அடிக்கும் சாமான். கடைசியில் சாக்கை விலக்கினார்.

"இதோட மதிப்பு என்னம்மா போடலாம்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். மகன் சுவரைப் பார்த்தான்.

"பழைய இரும்பு விலை" என்றேன்.

எழுதினார். தள்ளி நின்று படித்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

ஆகஸ்ட் 23

மானியத்தில் வாங்கிய புது மிஷின் முந்தாநாள் வந்து இறங்கியது. கத்திக்கு முன்னால் கையை நீட்டினால் பட்டென்று நின்றுவிடுகிறது. நீட்டிப் பார்த்தேன். நின்றது. மறுபடி நீட்டினேன். வேகமாக நீட்டினேன், மெதுவாக நீட்டினேன், விரல் நுனியை மட்டும் நீட்டினேன்.

"அத்தை, போதும்" என்றாள் மருமகள். "நகருங்க, நானூறு பெட்டி இருக்கு."