சியோல் மலையில் உன் சப்பாத்து

இன்று காலை, கனடாவில், ஸ்காபரோவில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கொரியன் கடை வாசலில் வற்றாளங்கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளி, சுட்டுக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போனவள் அந்த மணத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சிநேகிதி, உன்னோடு சியோலில் நடந்த பகல் நினைவுக்கு வந்தது.

கொழும்புக்குப் போகும் வழியில் விமானம் பழுதாகி, எங்கள் இருவரையும் அங்கே ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள்தான் பயணம். எனக்குப் படுத்துக் கிடந்தால் போதும். நீ விட்டால்தானே.

"உள்ளுக்கை அடைஞ்சு கிடக்கவோ வந்தனாங்கள்? வா, கால் போற பக்கம் போவம்" என்றாய்.

பாஷையும் தெரியாது, பாதையும் தெரியாது. ஓர் அரண்மனை மதிலைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மதில் முடிந்து தெரு திரும்பிய இடத்தில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு மேலே, வெளிறிய பாறையாக ஒரு மலை நின்றது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் பிறந்து, ஸ்காபரோச் சமதரையில் நரைத்தவர்கள் நாங்கள். நகரத்துக்கு நடுவே மலையா? எனக்கு மூச்சே நின்றது. நீயும் வாயடைத்துப் போனாய். அது அதைவிடப் பெரிய அதிசயம்.

உன் மகன் கார் விபத்தில் போன பிறகு நீ கோயில் படி மிதித்ததில்லை. கேட்டால், "அவருக்கும் எனக்கும் கதைபேச்சில்லை" என்பாய். அன்று மலையடியில், சொல்லாமல் கொள்ளாமல் சப்பாத்தைக் கழற்றி வைத்தாய்.

"என்னடி இது?"

"மலையெண்டால் முருகன் இருப்பார். கேக்க வேண்டியதைக் கேட்டுப்போட்டு வாறன்."

கோயிலுமில்லை, கோபுரமுமில்லை. பைன் மரங்களும் கற்படிகளும்தான். நீ வெறுங்காலோடு ஏறினாய், நான் பின்னால் இழுபட்டேன். உச்சியில் நின்றபோது அந்த மாநகரம் முழுவதும் எங்கள் காலடியில் விரிந்து கிடந்தது. நீ கைகூப்பவில்லை.

"இஞ்சை ஒருத்தரும் இல்லையடி" என்றாய்.

அப்போதுதான் மூச்சிரைக்க ஒரு கொரியப் பெண் ஏறி வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். கையில் உன் சப்பாத்து. மறந்துவிட்டுப் போகிறாய் என்று நினைத்து, அடிவாரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். குனிந்து உன் காலடியில் வைத்தாள். பிறகு பையிலிருந்து சுட்ட வற்றாளங்கிழங்கை எடுத்துப் பிய்த்து எங்களுக்கும் தந்தாள்.

நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். மெல்லக் கைகூப்பினாய். உன் கைகள் அப்படிச் சேர்ந்து நான் கண்டு எவ்வளவு காலம்.

இறங்கும்போது சொன்னாய்: "எனக்குப் பின்னாலை சப்பாத்துத் தூக்கிக்கொண்டு வாறவரோடை என்னெண்டு கோவிக்கிறது?"

திரும்பி வந்து, முதல் வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போனாய்.

போன மாரியில் நீ கண்மூடியபோது, உன்னை வெறுங்காலோடுதான் அனுப்பினோம். உன் மகள் உடுப்புகளை எல்லோருக்கும் கொடுத்தபோது, நான் அந்தச் சப்பாத்தை மட்டும் கேட்டு வாங்கினேன். என் காலுக்கு அது சின்னன். என்றாலும் வாசலில் என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நீ முன்னாலை ஏறு. நான் கொண்டு வாறன்.