ஒரே நாளில் சேர்ந்தவர்கள்

ஏப்ரல் 9, புதன்

எழுந்ததும் முதல் வேலையாகக் கைபேசியை எடுத்து, குழுவில் ஒப்துலியா போட்ட குரல்பதிவுக்கு எத்தனை இதயம் விழுந்திருக்கிறது என்று எண்ணினேன். பதினொன்று. நேற்று நான் யோசித்து எழுதிய நாலு வரிக்கு இரண்டு. அதில் ஒன்று அவள் போட்டது.

அப்படி என்ன சொல்லிவிட்டாள்? "காலை வணக்கம் மக்களே, அடுப்பு பத்த வச்சாச்சு, நேத்தும் குடிக்கல, இன்னைக்கு மாவு பிசையவே நேரம் பத்தாது." அவ்வளவுதான். பச்சூக்கா சந்தையில் கறி அடைத்த பாஸ்தே சுட்டு விற்பவள். நான் இருபது வருடமாக உயிரியல் நடத்துகிறேன். கல்லீரலைப் பற்றி அவளைவிட எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

இருவருக்கும் இன்று குடியில்லாத அறுபத்தைந்தாம் நாள்.

ஏப்ரல் 12, சனி

டயர் கடைக்கு மேலே குழு கூடும் அறையைக் கண்டுபிடித்தும் மூன்று நாள் படி ஏறாமல் திரும்பியவள் நான். நான்காம் நாள், பிப்ரவரி மூன்றாம் தேதி, கீழ்ப்படியில் ஒப்துலியா நின்றிருந்தாள். "ஏறப் போறீங்களா? நீங்க போனா நானும் வர்றேன். இல்லன்னா ரெண்டு பேரும் ஓடிடலாம்." ஏறினோம். ஒரே நாளில் சேர்ந்தவர்களை எங்கள் குழுவில் இரட்டையர் என்பார்கள். பதக்கமும் ஒரே நாளில் சேர்ந்து வாங்குவார்கள். மே மூன்றாம் தேதி மூன்று மாதப் பதக்கம். சொந்தத்தில் ஒருவர் வந்து கையில் கொடுப்பது வழக்கம்.

ஒப்துலியாவுக்கு மகன், மருமகள், அக்கா எல்லோரும் வருகிறார்கள். எனக்கு மகள் பலோமா ஒருத்தி. அவள் பட்டமளிப்பு விழாவில் நான் குடித்துவிட்டு நாற்காலியோடு சரிந்த பிறகு, படித்த ஊரான கெரெத்தாரோவிலேயே தங்கிவிட்டாள். ஒரு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. "மூணு மாசம் ஆகட்டும்மா. ஆச்சுன்னா நானே வந்து பதக்கத்தக் குடுக்குறேன்," என்றாள் போனில்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

நேற்று தங்கை வீட்டில் ரொம்போபே குடித்தேன்.

முட்டையும் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி, ரம் கலப்பது. கன்னியாஸ்திரீகள் செய்து விற்பது. குழந்தைகளின் ஜெல்லி மேல்கூட ஒரு கரண்டி ஊற்றுவார்கள். "அது இனிப்புதான் அக்கா, சாராயமா என்ன?" என்றாள் தங்கை. முதல் கோப்பை இனிப்புதான். ஆறாவதும் இனிப்பா? அதைச் சமையலறையில் நின்றுகொண்டே குடித்தேனே — யாருக்குப் பயந்து?

ஏப்ரல் 21, திங்கள்

குழுவில் எனக்கு வழிகாட்டும் ஞானத்தாய் ஹெர்மிலா. எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "எத்தனை நாள் மகளே?"

பக்கத்து நாற்காலியில் ஒப்துலியா அப்போதுதான் எழுபத்தேழு என்று சொல்லி கைதட்டு வாங்கியிருந்தாள்.

நானும் எழுபத்தேழு என்றேன். வாய் கூசவே இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஒப்துலியா சறுக்கிவிட்டாள்.

மேடையேறி, பேச்சு மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எண்பத்து மூணு நாள் போச்சு. நேத்து அண்ணன் வந்தான். மூணு பீர். நாலாவது இருந்திருந்தா அதையும் குடிச்சிருப்பேன், தீர்ந்துபோச்சு. இன்னைக்கு எனக்கு ஒண்ணாம் நாள்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதி என்ன பயன்? நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். இனி பதக்கம் எனக்கு மட்டும்.

பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். எழுபத்தேழுக்குத் தட்டியதைவிட அதிகமாக. ஹெர்மிலா அவளைக் கட்டிக்கொண்டு காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே அவள் ஏதோ சொல்ல, ஹெர்மிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அழுது முடித்த முகம், லேசான முகம். அதைப் பார்த்ததும் துள்ளல் போய் வயிறு எரியத் தொடங்கியது. அவள் விழுந்ததற்கும் பொறாமைப்படுகிறேனா? ஆமாம். அவளுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, நீங்களாவது வாங்குங்க. உங்க பொண்ணு வர்ற அன்னைக்கு நாப்பது பாஸ்தே என் பொறுப்பு. உங்களத் தனியா விட்டுட்டேன்னு கோவமா?"

"இல்ல," என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

பள்ளியில் குழந்தைகள் தினம். காலையிலிருந்து சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. கூட்டத்துக்குப் போகவில்லை.

மே 2, வெள்ளி

பலோமா அழைத்தாள். நாளை பத்து மணிப் பேருந்தில் வருகிறாள். நீலச் சட்டை வாங்கினாளாம். "அம்மா, பதக்கத்த கழுத்துல போடணுமா, கையில குடுக்கணுமா? நான் என்ன பேசணும்? அழாம பேச முடியாதும்மா."

"கையில குடுத்தா போதும்டி," என்றேன். அவள் சிரித்தாள். ஒரு வருடமாக என்னிடம் சிரிக்காதவள். இந்தச் சிரிப்பை விட்டுவிட வேண்டுமா? சும்மா இருந்தால் யாருக்குத் தெரியும்? தங்கைகூட அதை இனிப்பு என்றுதான் நினைக்கிறாள்.

மாலை ஹெர்மிலா வாசல்வரை வந்து, "நாளைக்கு நீதான் ராணி," என்றாள். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் விழாவைத் தள்ளிப்போட்டுவிடுவாள், பலோமா வராமல் போவாள், நானும் இன்னொரு தேதிக்குக் காத்திருந்து அதற்குள் ஒரு பொய்யைத் தேடிக்கொள்வேன். வாயை மூடிக்கொண்டேன்.

நாளை என் பெயரைக் கூப்பிட்டதும், பலோமா பதக்கத்தோடு எழுந்திருக்கும் முன், நான் மேடையேறப் போகிறேன். ரொம்போபே, ஆறு கோப்பை, இன்றைக்குப் பதினான்காம் நாள் என்று சொல்லப் போகிறேன். அவள் அடுத்த பேருந்திலேயே திரும்பிப் போகலாம்.

இதை எழுதும்போதே மனம் கணக்குப் போடுகிறது: அப்போதும் ஒப்துலியாவைவிட எட்டு நாள் கூடுதல்.

அதையும் சொல்லிவிடுவேன்.