மூன்று பங்கு டிஸ்க்

சிம்பாங் ரெங்கம்

அன்பு மகள் ஷாந்தினிக்குச் சித்தப்பா தயானந்தன் எழுதுவது. நாங்கள் நலம். மெல்பர்ன் குளிரில் நீயும் நலமாக இருப்பாய். வாட்ஸ்ஆப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். கடை ஈமெயிலும் படுத்துவிட்டது. அதனால்தான் தபால்.

நம் மூன்று எஞ்சின் சாமான் கடைகளின் மெயில் சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றியாயிற்று. யார் மாற்றியது? நான்தான், தன்னந்தனியாக! ஜொகூர் பாரு எஞ்சினியர்களெல்லாம் போன் செய்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள்.

மெஷின் விற்ற ஜீவன் மட்டும், "மெயிலுக்கு ஒரே பெரிய இடமா விடுங்க அங்கிள், மிச்சத்த பிரிக்காம வைங்க, பத்தலன்னா கூட்டிக்கலாம் லா" என்றான். பிரிக்காமல் விட்ட இடம் நம் குடும்பத்தில் என்ன பாடுபடும் என்று அவனுக்கு என்ன தெரியும்? டிஸ்க்கைச் சரிசமமாக மூன்று பார்ட்டிஷன் போட்டேன். ரெங்கம் கடை எனக்கு, மெர்சிங் உன் சின்னச் சித்தப்பா கமலநாதனுக்கு, பெக்கோக் உன் அப்பா பங்கு, அவருக்குப் பிறகு உனக்கு. எந்த வக்கீலும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்க மாட்டான்.

ஆனால் மெர்சிங் மீனவர்கள் மெயிலா அனுப்புகிறார்கள்? கடைக்கே வந்து சத்தம் போடுகிறார்கள். பெக்கோக் கடை நீ போனதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைகளின் ஆர்டரெல்லாம் என் பங்கிலேயே விழுந்து நிரம்பிவிட்டது. அப்புறம் வந்ததெல்லாம் அனுப்பினவர்களுக்கே திரும்பிப் போனது. கடை மூடிவிட்டதென்று நினைத்து பெரிய ஆலை வேறு ஆளிடம் போய்விட்டது. மற்ற ஆலைகளும் போனால் மூட வேண்டியதுதான்.

உன் பங்கு காலியாகக் கிடக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம் என்று ஜீவன் உட்கார்ந்தான். கமலநாதன் மெர்சிங்கிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து, "பெரியண்ணன் நெலத்த முழுங்குனது பத்தலயாண்ணே, இதுவுமா?" என்று வேலையாட்கள் முன்னால் கத்தினான். நான் ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டான். ஆனாலும் டிஸ்க்கை யாரும் தொடவில்லை.

அந்த நிலத்தை நான் பார்த்துக்கொள்ளாவிட்டால் காடாகியிருக்கும். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். எனக்குப் பதில் போடவும் வேண்டாம். அந்தக் காலி டிஸ்க் இடத்தைப் பெரிய சித்தப்பா எடுத்துக்கொள்ளட்டும் என்று கமலநாதனிடம் ஒரு வார்த்தை சொல், போதும். என் பேச்சை அவன் நம்ப மாட்டான், உன் பேச்சுக்கு மறு பேச்சு பேச மாட்டான்.

நீயும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இதையாவது கேட்டுவிட்டு எடுக்கிறேன், மகளே.

உன் சித்தப்பா,
தயானந்தன்