ஊர்க்காய் மூட்டையும் ஹைதராபாத் காக்காவும்

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தபோது சாம்பாரில் உப்புக் கம்மி என்றுகூடச் சொல்லத் துணியாதவள், இப்போது நீங்கள் எழுந்து போக முடியாத நேரம் பார்த்துப் பேசுகிறேன்.

ஹைதராபாத்துக்கு வந்து ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் காலம் தள்ளியும் இந்த ஊர்க் காய்கறியை நீங்கள் நம்பவில்லை. திருநெல்வேலியில் யார் ரயிலேறினாலும் அவர்கள் தலையில் ஒரு மூட்டை: முருங்கைக்காய், சின்ன வெங்காயம், சேப்பங்கிழங்கு. இங்கே மலிந்து கிடக்கும் கோங்கூரா, அதுதான் நம் புளிச்சகீரை, உங்களுக்குச் சாக்கு நாருக்கு வளர்க்கிற செடி. என் சாஃப்ட்வேர் கம்பெனி கேன்டீனில் இப்போது நியூசிலாந்து ஆப்பிள் வைக்கிறார்கள். தூரத்துச் சாப்பாட்டில் நீங்கள்தான் முன்னோடி.

நீங்கள் போன பிறகும் மூட்டை நிற்கவில்லை. செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அம்மாவே போய்ச் சுமந்து வருகிறாள். போன மாதம் படியில் விழுந்து முட்டி வீங்கிவிட்டது. "எதுக்கும்மா இந்தப் பாடு?" என்றேன்.

"அமாவாசப் படையலுக்கு ஏட்டி. உங்கப்பா வேற எதையும் தொட மாட்டாவ."

போன வாரம் உங்கள் முதல் திதிக்கு ஊரிலிருந்து மாமா அனுப்பிய மூட்டை, ரயில் தாமதத்தில் அழுகியே வந்து சேர்ந்தது. உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது என்று போர்ட்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

படையலுக்கு வேறு வழியில்லாமல் அவளை ரைத்து பஜாருக்கு, அதுதான் இந்த ஊர் உழவர் சந்தைக்கு, கூட்டிப்போனேன். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் காலையில் பறித்து வந்த கோங்கூரா, பீர்க்கங்காய், மஞ்சளாக உருண்ட தோசக்காய். "வெள்ளரிக்கு மஞ்சக்காமாலையா?" என்றாள் அம்மா. ஆனாலும் சமைத்தாள்.

மொட்டை மாடியில் இலை வைத்தோம். காக்கா வந்தது. வடையை விட்டுவிட்டு நேராகக் கோங்கூராத் துவையலில் அலகை வைத்தது! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா அசரவில்லை.

"அது ஹைதராபாத் காக்கா ஏட்டி, அதான் திங்குது. உங்கப்பா இல்ல."

அது நீங்கள்தானா, அப்பா?

அடுத்த அமாவாசைக்கு மூட்டை அனுப்பச் சொல்லி நேற்றே மாமாவுக்குப் போன் போட்டுவிட்டாள். முட்டி வீக்கம் இன்னும் வற்றவில்லை.

நான் வாக்குத் தருகிறேன். வாரா வாரம் துணிப்பையோடு நானே பஜாருக்குப் போய், அந்தந்தப் பருவத்தில் விளைந்ததை வாங்கி வருவேன். உங்களுக்காகப் பால்கனித் தொட்டியில் சின்ன வெங்காயம் ஊன்றியிருக்கிறேன். முளைவிட்டிருக்கிறது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என் பேச்சை அம்மா கேட்பதில்லை, காக்காவையும் நம்பவில்லை. ஒரே ஒருமுறை அவள் கனவில் வந்து, "ஏளா, மூட்ட வேண்டாம். அந்தக் கீர நல்லாத்தான் இருக்கு" என்று நீங்களே சொல்லிவிடுங்களேன்.

உங்கள் வாய் பேசாத மகள்